பூமணமும் பிசின்மணமும்: நம்பிக்கைகளும் உண்மைகளும்

செண்பகம், மகிழம் போன்ற மணப்பூ மரங்களையும், குங்கிலியமும் சாம்பிராணியும் தரும் மரங்களையும் ஒரே நிலத்தில் சேர்த்து வளர்க்கலாமா என்று குடியானவர்கள் ஆலோசிப்பது மிகவும் சந்தோஷம் தருகிற செய்தி. ஆயினும் இது பற்றி உலவும் அபிப்பிராயங்களுள் சில, காலங்காலமாகச் சொல்லப்பட்டு வருகின்றன என்ற ஒரே காரணத்தால் பிரமாணமாகக் கொள்ளப்படுகின்றன. அவற்றை ஆராயாமல் கன்று நடுவது பின்னால் வருத்தத்துக்கே இடமாகும்.

நம்பிக்கை: பூமரமும் பிசின் மரமும் ஒத்துப்போகா, ஒன்றன் வாசனையை மற்றொன்று கெடுத்துவிடும்.

நம் கடற்கரைப் புன்னையே இதற்குப் போதிய மறுப்பு. மணமுள்ள வெண்பூக்களைச் சொரியும் அதே மரத்தின் பட்டையைக் கீறினால் பிசின் கசிகிறது. மேற்குத் தொடர்ச்சி மலையின் மழைக்காடுகளில் ஓங்கி வளர்ந்து வெள்ளைக் குங்கிலியம் அளிக்கும் மரமும் வாசமுள்ள வெண்மலர்களைக் கொத்தாகப் பூப்பதே. பூவின் பரிமளம் இதழிலிருந்து ஆவியாகிக் காற்றில் கலப்பது. குங்கிலியமோ மரத்தினுள் நுண்ணிய குழாய்களில் அடங்கியிருப்பது. ஆகையால் இவ்விரண்டுக்கும் இடையே விரோதம் எதுவும் இல்லை. அவை போட்டியிடுவது வெயிலுக்கும் வேரடி நீருக்குமே. அதற்குப் பரிகாரம் போதிய இடைவெளி. அன்றியும், கொசுத்தேனீ என்னும் கொட்டாத சிறு தேனீ, பூக்களில் தேனும் மகரந்தமும் சேர்த்துக்கொண்டு, கூடு கட்டுவதற்கு மரப்பிசினைத் தேடிச் சென்று மெழுகோடு கலக்கிறது. அதற்கு வேண்டிய இரண்டும் ஒரே தோப்பில் கிடைப்பது தோட்டக்காரனுக்கும் உபகாரம்தான்.

நம்பிக்கை: செண்பகத்தின் வாசனைக்குப் பாம்பு வரும்.

பாம்பு வருவது எலியையும் தவளையையும் நாடி. பூ வாசனையால் அதற்கு ஆவது ஒன்றுமில்லை. மரத்தடியில் குவிந்த சருகையும் கல்லையும் அப்புறப்படுத்தினால் போதும்.

நம்பிக்கை: குங்கிலியமும் சாம்பிராணியும் காடு தானாகத் தருபவை, பயிரிட்டுப் பெற முடியாது.

சுமாத்திராத் தீவின் அனுபவம் இதற்கு நேர்மாறானது. அத்தீவின் தெற்கே, லாம்புங் மாகாணத்தின் மேற்குக் கரையிலுள்ள குரூயி என்னும் பகுதியின் குடியானவர்கள், காட்டிலே கிடைத்துவந்த டாமர் என்ற குங்கிலியம் குறைந்துபோன காலத்தில், மலைநெல் அறுத்த நிலத்தில் காப்பியும் மிளகும் வைத்து, அவற்றின் நடுவே டாமர்க் கன்றுகளையும் டூரியான் முதலிய பழமரங்களையும் நட்டு, காலப்போக்கில் காடு போன்றே அடர்ந்த தோப்புகளை உண்டாக்கினார்கள். வடக்கே தோபா மலைநாட்டில் சாம்பிராணி மரத்தையும் இவ்வாறே வளர்க்கிறார்கள். அம்மலைநாட்டுக்கு மேற்கே கடலோரத்தில் உள்ள பாருஸ் துறைமுகத்தருகே தமிழ் வணிகக் குழுவினர் 1088-ஆம் ஆண்டில் பொறித்த தமிழ்க் கல்வெட்டு கிடைத்திருப்பது நமக்கு விசேஷமான செய்தி. கர்ப்பூரத்துக்கும் சாம்பிராணிக்கும் பேர்பெற்ற துறைமுகம் அது.

இத்தோப்புகளிலிருந்து நாம் முக்கியமாகக் கற்கவேண்டியது பொறுமையே. டாமர் மரத்தைக் கீறத் தொடங்குவதற்குச் சுமார் 20 ஆண்டுகள் ஆகின்றன. அந்த இடைக்காலத்தில் அவர்களுக்குக் காப்பியும் மிளகும் ஜீவனம் அளித்தன. நம் நிலத்தில் அந்த ஸ்தானத்தை மணப்பூ மரம் வகிக்கலாம். ஒட்டுக்கட்டிய செண்பகம் சில ஆண்டுகளிலேயே பூக்கும். உலர்ந்த பின்னும் மணம் மாறாத மகிழம்பூவோ அன்றன்றே விற்றாக வேண்டும் என்ற நிர்ப்பந்தம் இல்லாதது. கேரளத்தில் மட்டிப்பால் மரத்தின் மேல் மிளகுக் கொடி ஏற்றுவதும், அதன் நிழலில் இஞ்சி பயிரிடுவதும் இதே நியாயத்தைத் தழுவியவைதாம்.

நம்பிக்கை: ஆழமாக வெட்டினால் அதிகமாகச் சுரக்கும்.

எல்லாவற்றிலும் கொடிய தவறு இதுவே. குங்கிலியம் மரத்தின் உபரிச் செல்வம் அன்று. பூச்சியையும் பூஞ்சணத்தையும் தடுக்கவும், காயத்தை மூடவும் மரம் தானே செய்துகொள்ளும் சிகிச்சை. காயம் படாத சாம்பிராணி மரத்தில் சாம்பிராணியே இல்லை. அளவோடு கீறி, இடைவிட்டு ஆற விட்டால் மரம் பல்லாண்டு கொடுக்கும்; பேராசையால் சுற்றிலும் வெட்டினால் பட்டுப்போகும். ராஜஸ்தானத்திலும் கட்சுப் பகுதியிலும் வளரும் குக்குலு இதற்குப் பிரத்தியட்ச சாட்சி. காயத்தில் ரசாயனம் செலுத்தியும் பிசினைப் பிழிந்தெடுத்ததனால் எண்ணற்ற செடிகள் மாண்டன. சர்வதேச இயற்கைப் பாதுகாப்புச் சங்கத்தின் சிவப்புப் பட்டியலில் அது மிகவும் அபாயமான நிலையிலுள்ள இனமாக இடம்பெற்றிருக்கிறது.

ஆகவே கன்று வாங்கும் அன்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். குங்கிலியம் என்ற ஒரே பெயர் பல மரங்களுக்கு வழங்குவதால், அதன் தாவரவியல் பெயரைக் கேட்டு எழுதி வாங்குங்கள். வெள்ளைக் குங்கிலியத்துக்கு மழை மிகுந்த மலைச்சாரலும், குக்குலுவுக்கு வறண்ட நிலமும், புன்னைக்குக் கடலோர மணலும் ஏற்றவை. சில ஆண்டுகளிலேயே டாமர்க் குங்கிலியம் வடிக்கலாம் என்று எவரேனும் உறுதி கூறினால், அவரிடம் வாங்காதீர்கள்.