70 வயதும் 3,500 கிலோவும்

கேள்வி:

என் கணவருக்கு வரும் ஓகஸ்டில் 70 வயது நிறைகிறது. 1986இல் இங்கிலாந்தில் சாரதி அனுமதிப்பத்திரம் எடுத்தவர். ஓய்வு பெற்றதும் ஆசைப்பட்டு வாங்கிய எங்கள் டீசல் மோட்டார்ஹோமின் உச்ச எடை 4,250 கிலோ. ஸ்கொட்லாந்து, வேல்ஸ், லூர்து மாதா கோயில், சுவிஸில் இருக்கும் அவருடைய தம்பி வீடு என்று எல்லா இடத்துக்கும் அதில்தான் போய் வருகிறோம். 70க்குப் பிறகு இதை ஓட்டவே முடியாது என்கிறார் ஒருவர். சட்டம் மாறிவிட்டது, 4,250 கிலோ வரை எல்லாரும் ஓட்டலாம் என்கிறார் இன்னொருவர். இவருக்கு நீரிழிவு, குளிசை எடுக்கிறார். போன வருடம் ஒரு கண்ணில் புரை அகற்றினார்கள். பரிசோதனையில் தவறினால் கார் ஓட்டும் உரிமையும் போய்விடும் என்று பயந்து, வைத்தியரிடம் போகவே மறுக்கிறார். சின்ன வண்டிக்கு மாறலாமா என்று கேட்டால் முகம் வாடிவிடுகிறது. நான் 2003இல் அனுமதிப்பத்திரம் எடுத்தேன். கார் மட்டும்தான் ஓட்டுவேன். எங்கள் பயணங்கள் இத்தோடு முடிந்துவிட்டனவா?

வி. எஸ்., மில்டன் கீன்ஸ்

பதில்:

அன்புள்ள சகோதரி, முடியவில்லை. உங்கள் கணவருக்கு 70 வயது நிறைவதால் கார் ஓட்டும் உரிமை பறிபோகாது. 3,500 கிலோவுக்கு உட்பட்ட மோட்டார்ஹோம் ஓட்டும் உரிமையும் போகாது. அதற்கு மேற்பட்ட எடைக்கு மட்டும்தான் வைத்தியப் பரிசோதனை தேவை. அதில் தவறினாலும் உங்களுக்கு ஏற்ற வண்டிகள் நிறைய இருக்கின்றன. முதலில் இதை அவரிடம் சொல்லுங்கள். மனம் சற்று ஆறியபின் மற்றதைப் பேசலாம்.

இந்தச் சிக்கல் எங்கிருந்து வந்தது என்று பார்ப்போம். பிரிட்டனில் 1997 ஜனவரி 1க்கு முன் கார்ச் சோதனையில் தேறியவர்களுக்கு பி பிரிவோடு (3,500 கிலோ வரையான வண்டிகள்) சி1 பிரிவும் (3,500 முதல் 7,500 கிலோ வரை) சேர்ந்தே கிடைத்தது. உங்கள் கணவர் அந்தக் கூட்டத்தைச் சேர்ந்தவர். அதற்குப் பின் தேறியவர்களுக்கு பி மட்டும்தான்; சி1 வேண்டுமானால் தனிச் சோதனை எழுதி, ஓட்டிக் காட்ட வேண்டும். நீங்கள் இந்தப் பக்கம். ஆகவே உங்கள் வீட்டு வாசலில் நிற்கும் வண்டியை நீங்கள் ஒரு நாளும் சட்டப்படி ஓட்டியிருக்க முடியாது. இதை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள், கடைசியில் இதற்கு வருகிறேன்.

70 வயதில் இரண்டு பிரிவுகளும் காலாவதியாகின்றன. பி பிரிவைப் புதுப்பிப்பது எளிது. கட்டணம் கிடையாது. உடல்நிலையைப் பற்றி அவரே உண்மையாக எழுதிக் கொடுத்தால் போதும். மூன்று வருடத்துக்கு ஒருமுறை இது தொடரும். சி1 தானாக வராது. டி2 என்ற விண்ணப்பத்தையும், வைத்தியர் பரிசோதித்து நிரப்பும் டி4 என்ற படிவத்தையும் சேர்த்து டி.வி.எல்.ஏ.வுக்கு (அனுமதிப்பத்திரம் வழங்கும் அரச அலுவலகம்) தபாலில் அனுப்ப வேண்டும். அவசரத்தில் இணையத்தில் புதுப்பித்துவிடாதீர்கள். அந்த வழியில் பி மட்டும்தான் கிடைக்கும். வைத்தியருக்கான கட்டணம் உங்கள் கையிலிருந்து போகும். வைத்தியர் ஒப்பமிட்டபின் டி4 படிவம் நான்கு மாதம்தான் செல்லும் என்பதால் மிக முந்தியும் எடுக்க வேண்டாம்.

சட்டம் மாறிவிட்டது என்று சொன்ன நண்பர் பாதியைத்தான் கேட்டிருக்கிறார். 2025 ஜூன் 10 முதல் பி பிரிவில் 4,250 கிலோ வரை ஓட்டலாம் என்பது உண்மை. ஆனால் மின்சாரம், ஹைட்ரஜன் போன்ற புகையில்லா வண்டிகளுக்கு மட்டுமே அந்தச் சலுகை. உங்களுடையது டீசல். அந்தப் பேச்சை நம்பி ஓட்டினால் அனுமதிப்பத்திரம் இல்லாமல் ஓட்டிய குற்றமாகும்; விபத்து நேர்ந்தால் காப்புறுதி நிறுவனமும் கைவிரிக்கக்கூடும்.

இனி அவருடைய பயம். சி1க்கான மருத்துவத் தரம் காருக்கான தரத்தைவிடக் கூடியது. கண்ணை எடுத்துக்கொள்ளுங்கள். காருக்கு, தேவையானால் கண்ணாடி போட்டுக்கொண்டு, 20 மீற்றர் தூரத்திலுள்ள இலக்கத்தகட்டை வாசிக்க முடிய வேண்டும். சி1க்கு நல்ல கண்ணில் 6/7.5, மற்றக் கண்ணில் குறைந்தது 6/60 பார்வை வேண்டும். கண்ணாடி அணிந்து அந்த அளவு கிடைத்தாலும் ஏற்பார்கள். பக்கப் பார்வையின் பரப்பும் பார்ப்பார்கள். புரை அகற்றியபின் பார்வை தெளிந்திருந்தால் அந்தச் சிகிச்சை அவருக்கு உதவியாகத்தான் இருக்கும். நீரிழிவில், எந்தக் குளிசை என்பது முக்கியம். சர்க்கரையைத் திடீரென்று தாழ்த்தக்கூடிய குளிசைகளுக்கும் இன்சுலினுக்கும் சி1 விதிகள் இறுக்கமானவை. இரத்தத்தில் சர்க்கரையை ஒழுங்காக அளந்து பதிந்து வைத்திருக்கிறாரா என்றும் கேட்பார்கள். அவர் குளிசையின் பெயரை வைத்தியரிடம் காட்டிக் கேளுங்கள்.

சி1 தரத்தில் தவறுவதும் கார்த் தரத்தில் தவறுவதும் ஒன்றல்ல. இரண்டையும் தனித்தனியாகவே தீர்மானிப்பார்கள். கார் ஓட்டுவதற்கே ஆபத்தான ஒரு குறை பரிசோதனையில் தெரியவந்தால், அதை அறிவிக்கத்தான் வேண்டும். வைத்தியரிடம் போகாமல் இருந்தாலும் அந்தக் கடமை மாறாது. எனவே பரிசோதனையைத் தள்ளிப்போடுவதால் எதுவும் மிஞ்சப் போவதில்லை.

அவர் விரும்பினால் பரிசோதனை செய்து சி1ஐப் புதுப்பிக்கட்டும். தேறினால் இதே வண்டியில் இன்னும் சில வருடம் ஓடலாம். ஆனால் 73 வயதில் மறுபடி இதே கேள்வி வரும், 76இல் மறுபடி வரும். ஒவ்வொரு முறையும் நெஞ்சில் கை வைத்துக் காத்திருப்பதைவிட, உடலும் மனமும் தெம்பாக இருக்கும்போதே இருவருமாகத் தேடி 3,500 கிலோ வண்டிக்கு மாறுவதே நல்லது என்பது என் எண்ணம். 1997க்கு முன் தேறியவர்களின் தொகை வருடா வருடம் குறைகிறது. கனமான வண்டியை வாங்கக்கூடியவர்களும் அவர்களோடு சேர்ந்து குறைவார்கள். விற்பதானால் பிந்தாமல் விற்பது மேல்.

இருக்கிற வண்டியின் எடையைக் கடதாசியில் 3,500 ஆகக் குறைத்துப் பதிய முடியாதா என்று பலர் கேட்பதுண்டு. முடியும். புதிய எடைத்தகடு பொருத்தி, வி5சியிலும் (வண்டியின் பதிவுப் பத்திரம்) மாற்றிக் கொடுக்கும் தொழில்நுட்பர்கள் இருக்கிறார்கள். ஆனால் தகட்டை மாற்றினால் இரும்பு இளைக்காது. 4,250 கிலோ வண்டி வெறுமையாகவே 3,300, 3,400 கிலோ இருக்கும். 3,500 என்று பதிந்தால் உங்களுக்கும் தண்ணீருக்கும் சாமான்களுக்கும் மிஞ்சுவது நூறோ இருநூறோ கிலோ. 3,650 அல்லது 3,850 கிலோ தகடு உள்ள, உடலில் மெலிந்த வண்டிக்கு அந்த வழி பொருந்தலாம். உங்களுடையதற்கு அநேகமாகப் பொருந்தாது.

புதிதாகத் தேடும்போது எல்லாரும் முதலில் நீளத்தையும் கட்டிலையும் பார்க்கிறார்கள். நீங்கள் முதலில் பேலோட் (இனி ஏற்றக்கூடிய சுமை) எவ்வளவு என்று கேளுங்கள். கணக்கு எளியது. உச்ச எடையிலிருந்து (வண்டி, ஆட்கள், சாமான் எல்லாம் சேர்ந்து தாண்டக் கூடாத எடை) ஓட்டநிலை எடையைக் (ஓட்டுநருக்கு 75 கிலோ, எரிபொருள் முதலியவற்றோடு புறப்படத் தயாராக நிற்கும் எடை) கழியுங்கள். உச்ச எடை 3,500, ஓட்டநிலை எடை 3,050 என்றால் பேலோட் 450 கிலோ.

450 தாராளம் போலத் தெரியும். உங்களைப் போன்ற ஒரு தம்பதிக்குக் கணக்குப் போட்டுப் பார்ப்போம். நீங்கள் 65 கிலோ. விற்பனை ஏட்டில் பெரும்பாலும் 20 லீற்றர் தண்ணீரைத்தான் சேர்த்திருப்பார்கள். 100 லீற்றர் தொட்டியை நிரப்பினால் இன்னும் 80 கிலோ. வெயில் மறைப்புப் பந்தல் 25. இரண்டு மின் சைக்கிள்களும் அவற்றைத் தாங்கும் சட்டமும் 65. இரண்டாவது பற்றரி 25. சூரியத் தகடு 15. மடக்குக் கதிரையும் மேசையும் 20. உடுப்பு, போர்வை 40. அரிசி மூட்டை, மா, சட்டி பானை, மற்றச் சாப்பாட்டுச் சாமான் 50. கூட்டினால் 385. மிஞ்சுவது 65 கிலோ. ஒரு பேரப்பிள்ளையை ஏற்றினால் அதுவும் சரி.

இங்கே ஒரு கவனம். ஏட்டில் அச்சிட்ட ஓட்டநிலை எடைக்கும் உங்களுக்குத் தரும் வண்டிக்கும் 5 வீதம் வரை வித்தியாசம் இருக்க விதி இடம் கொடுக்கிறது. 3,050இல் 5 வீதம் என்பது 150 கிலோவுக்கு மேல். மேலதிகமாகப் பூட்டிய பந்தல், ஓட்டோமட்டிக் கியர் போன்றவை அந்த எடையில் சேராமலும் இருக்கலாம். ஆகவே 3,500 கிலோ வண்டி ஒன்றுக்கு ஏட்டில் பேலோட் 300 என்று போட்டிருந்தால் அதை விட்டு விலகுங்கள். உங்கள் பழக்கத்துக்கு 450க்குக் குறையாமல் தேடுங்கள். வாங்குமுன் அந்த வண்டியை எடைப்பாலத்தில் (வண்டியை அப்படியே ஏற்றி நிறுக்கும் மேடை) நிறுத்துச் சீட்டு தரச் சொல்லுங்கள்.

மொத்த எடை சரியாக இருந்தும் பின் அச்சு (பின் சக்கரங்களைத் தாங்கும் தண்டு) அளவு மீறுவதுண்டு. பின் சக்கரத்துக்குப் பின்னால் தொங்கும் சுமை, ஏற்ற இறக்கப் பலகையின் நுனியில் இருக்கும் பிள்ளை மாதிரி. பின்னை அமுக்கி முன்னைத் தூக்கும். முன் பின் அச்சுகளுக்கிடையே 4 மீற்றர் இருக்க, 65 கிலோ சைக்கிள் சுமையைப் பின் அச்சிலிருந்து 2.5 மீற்றர் பின்னால் மாட்டினால், பின் அச்சில் ஏறுவது ஏறக்குறைய 105 கிலோ; முன் அச்சில் 40 கிலோ குறையும். முன் சக்கரம் இழுக்கும் வண்டியில் ஈரப் புல்லில் வழுக்குவதற்கு இதுவும் ஒரு காரணம். வாலில் பெரிய சாமான் அறை உள்ள வண்டிகளில் இதைக் கட்டாயம் பாருங்கள். கதவோரத்திலோ முன்மூடிக்குள்ளோ உள்ள தகட்டில் நான்கு எண்கள் இருக்கும். முதலாவது உச்ச எடை, இரண்டாவது இழுவை வண்டியோடு சேர்த்து, மூன்றாவதும் நான்காவதும் முன் பின் அச்சுகளுக்கு.

எடையைக் குறைக்க எளிய வழிகளும் உண்டு. தண்ணீரைப் போய்ச் சேரும் இடத்தில் நிரப்புங்கள். ஒரு லீற்றர் ஒரு கிலோ. பழைய ஈயப் பற்றரிக்குப் பதில் லித்தியம் போட்டால் அதில் பாதி எடை போகும். போன பயணத்தில் வெளியே எடுக்காத சாமானை இந்த முறை வீட்டில் விடுங்கள்.

இனி வடிவம். ஃபியட் டுக்காட்டோ போன்ற வானை உள்ளே மாற்றிக் கட்டிய வண்டிகள் 5.41, 5.99, 6.36 மீற்றர் நீளங்களில் வரும், அகலம் 2.05 மீற்றர்தான். வேல்ஸின் ஒடுங்கிய பாதைகளில் அந்த அகலம் எவ்வளவு நிம்மதி என்று ஓட்டும்போது தெரியும். குளியலறை நெருக்கமாக இருக்கும், குளிருக்கு, உடல் கட்டிய வண்டி (அடிச்சட்டத்தின் மேல் தனியாகக் கூடு அமைத்தது) அளவுக்குத் தாங்காது. தாழ்ந்த கூரையோடு உடல் கட்டிய வண்டியில் இடம் அதிகம், அகலமும் எடையும் அதிகம். எது என்றாலும் கட்டிலில் ஒரு தரம் படுத்து எழும்பிப் பாருங்கள். குறுக்கே போட்ட கட்டிலில் இரவில் எழும்ப ஒருவர் மற்றவரைத் தாண்ட வேண்டும். ஏணி வைத்து ஏறும் கட்டிலை முழங்கால் நெடுநாள் பொறுக்காது. ஒவ்வொரு இரவும் இருக்கையைப் பிரித்துக் கட்டிலாக்குவதும் அலுப்பு. இரு பக்கத்தாலும் இறங்கக்கூடிய கட்டில், அல்லது நீளவாக்கில் இரண்டு தனிக் கட்டில்கள் உங்கள் வயதுக்கு உகந்தவை.

இலேசான வண்டியால் வேறு நன்மைகளும் உண்டு. வெற்று எடை 3.05 தொன்னுக்கு மேற்பட்ட மோட்டார்ஹோம் நடுவே பிரிப்பில்லாத சாலையில் மணிக்கு 50 மைலுக்கு மேல் போகக் கூடாது. அதற்குக் குறைந்ததற்கு 60. சுவிஸுக்குப் போகும்போது 3,500 கிலோவுக்கு மேலென்றால் கனரக வாகன வரி கட்ட வேண்டும். உட்பட்டதற்கு வருடம் முழுவதற்கும் 40 பிராங்க் ஒட்டுச்சீட்டு போதும்.

எல்லாவற்றிலும் பெரிய நன்மை உங்களுக்குத்தான், சகோதரி. 3,500 கிலோ வண்டியை உங்கள் 2003 அனுமதிப்பத்திரத்திலேயே நீங்கள் ஓட்டலாம். இதுவரை முழுப் பாரத்தையும் ஒருவர் தோளில் வைத்துப் போயிருக்கிறீர்கள். லூர்துக்குப் போகும் வழியில் அவருக்குச் சர்க்கரை இறங்கித் தலை சுற்றினால், வண்டியை நகர்த்த அங்கே ஆளில்லை. 70 வயதுக்கு மேல் இருவரும் ஓட்டக்கூடிய வண்டி என்பது எந்த வசதியிலும் மேலானது. அவர் முகம் வாடும்போது பெரிய வண்டி சின்ன வண்டி என்று பேசாதீர்கள். “இனி நானும் ஓட்டுகிறேன், நீங்கள் கொஞ்சம் வெளியே பார்த்துக்கொண்டு வாருங்கள்” என்று சொல்லிப் பாருங்கள்.

செய்ய வேண்டியதை வரிசையாகச் சொல்கிறேன். இந்தக் கிழமையே கண்ணாடிக் கடையில் கண் பரிசோதனை, பிறகு வைத்தியரிடம் குளிசை பற்றிய பேச்சு. அடுத்த பயணத்துக்குச் சாமான் ஏற்றி, தண்ணீர் நிரப்பி, இருவரும் உள்ளே இருக்க, இப்போதைய வண்டியை எடைப்பாலத்தில் ஒவ்வொரு அச்சாகவும் மொத்தமாகவும் நிறுங்கள். மொத்தத்திலிருந்து ஓட்டநிலை எடையைக் கழித்தால் நீங்கள் உண்மையில் எவ்வளவு காவித் திரிகிறீர்கள் என்று தெரியும். புதிய வண்டியில் தேட வேண்டிய பேலோட் அதுதான். பிறகு 3,500 கிலோ வான் ஒன்றை ஒரு கிழமைக்கு வாடகைக்கு எடுத்து, பாதித் தூரம் நீங்கள் ஓட்டுங்கள். வாடகைக்கு விடும் நிறுவனத்தின் வயது எல்லையை மட்டும் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். எடைச்சீட்டு கைக்கு வந்ததும் அதன் பிரதியோடு எனக்கு மறுபடி எழுதுங்கள். எந்த வண்டி பொருந்தும் என்று எண்களை வைத்துச் சேர்ந்து பார்ப்போம்.