பழைய காரும் பெருஞ்செலவும்

மும்பையிலிருந்து நாசிக் நோக்கிச் செல்லும் கசாரா மலைப்பாதையில் பழைய மாருதி 800 ஒன்று ஏறுகிறது. வெப்பமானியின் முள் சிவப்புக் கோட்டைத் தொடுகிறது. 'மேலே போய்ப் பார்த்துக்கொள்ளலாம்' என்கிறது மனம். பெருஞ்செலவு பெரும்பாலும் இந்த ஒரு நினைப்பில்தான் பிறக்கிறது.

உடனே இயந்திரத்தை நிறுத்தியிருந்தால் ஒரு ரப்பர் குழாயை மாற்றுவதோடு போயிருக்கலாம். தொடர்ந்து ஓட்டினால் அலுமினியத்தாலான சிலிண்டர் ஹெட் வெப்பத்தில் வளைகிறது. அதன் அடியிலுள்ள கேஸ்கெட் கெடுகிறது. குளிர்விக்கும் நீர் கலந்த எஞ்சின் ஆயில் பால்விட்ட காப்பியின் நிறம் கொள்கிறது. வழக்கமான காப்பீடு விபத்துக்கு உதவும். இத்தகைய கோளாறுக்கு உதவாது.

மெக்கானிக் சொல்லும் தொகையைக் கேட்டதும், 'சென்ற ஆண்டுதானே நான்கு டயர்களையும் மாற்றினோம்' என்று மனம் வாதாடுகிறது. அந்தப் பணம் போனது போனதே. ஹெட்டைக் கழற்றிப் பார்த்த பின், அது லேத் பட்டறையில் சீவிச் சமன் செய்யத்தக்கதா, அடித்தகடு துருவேறியுள்ளதா, 15 ஆண்டுப் பதிவுக்காலம் முடிந்து புதுப்பிக்க வேண்டிய நாள் நெருங்கிவிட்டதா என்பவற்றையே எடைபோட வேண்டும். மதிப்பீட்டை எழுத்தில் பெறுவது நல்லது.

தந்தை வாங்கிய வண்டி என்ற பாசத்துக்காகச் செலவிடுவதும் தவறன்று. ஆனால் அதைச் 'சிக்கனம்' என்ற பெயரில் கணக்கெழுதுவதுதான் பிழை. வீட்டாரிடம் உள்ளபடி சொல்லிவிட்டால், எவ்வளவு வரை செலவிடலாம் என்று அனைவரும் சேர்ந்து முடிவு செய்ய இயலும்.