மீனின் மேனியில் ஒரு புள்ளி!

ஒருபுறம் புழல் ஏரி, மறுபுறம் செம்பரம்பாக்கம் ஏரி. இவற்றிற்கு இடையே அமைந்த அம்பத்தூர், ஆவடி, பூவிருந்தவல்லிப் பகுதியினருக்கு நன்னீர் மீன் புதியதன்று. அருகிலுள்ள கொளத்தூரில் வண்ணமீன் கடைகள் வரிசையாக உள்ளன. தங்கமீன், கப்பி, மோலி ஆகியவற்றை நம்மில் பலர் வளர்த்திருப்போம். இப்பொழுது சில வீடுகளில் கடல்மீன் தொட்டியும் இடம் பெற்றுள்ளது. ஆரஞ்சு நிறத்தில் வெள்ளைப் பட்டை தீட்டிய கோமாளி மீன் நீந்தும் அழகே அழகு! ஆயினும் கடல்மீனை வளர்ப்பது வேறொரு பாடம்.

நம் மாநிலத்தில் மன்னார் வளைகுடாவும் பாக் விரிகுடாவும் வண்ணமீன்களுக்குப் பெயர் பெற்றவை. அங்கிருந்து 500 கிலோமீட்டருக்கு மேல் பிளாஸ்டிக் பையில் அடைபட்டு வரும் மீன் களைத்துப் போயிருக்கும். களைத்த உடலை நோய் எளிதில் பற்றும் அன்றோ?

தொட்டியில் விட்ட இரண்டாம் நாளோ மூன்றாம் நாளோ மீனின் மேனியில் வெள்ளைப் புள்ளி ஒன்று தோன்றுகிறது என்று வைத்துக்கொள்வோம். “கல்லுப்பைப் போடு” என்பார் ஒருவர். “தாமிர மருந்தை ஊற்று” என்பார் மற்றொருவர். “தானே போய்விடும்” என்பார் மூன்றாமவர். யார் சொல்வதைக் கேட்பது? முதலில் மீன் சொல்வதைக் கேட்போம். வாய் பேசாத அவ்வுயிர் தன் மேனியாலும் மூச்சாலும் பேசுகிறது.

கேட்க வேண்டிய ஐந்து கேள்விகள்

1. புள்ளி எவ்வளவு பெரியது?
2. ஒன்றா, பலவா?
3. உடலிலா, துடுப்பிலா, செவுளின் அருகிலா?
4. நேற்று இருந்ததற்கும் இன்று இருப்பதற்கும் என்ன மாற்றம்?
5. மீன் எவ்வாறு மூச்சு விடுகிறது?

ஒரு நோட்டுப் புத்தகத்தில் நாள்தோறும் காலையில் இவற்றிற்கு விடை எழுதுங்கள். மூச்சை அறிய, செவுள் மூடி ஒரு நிமிடத்தில் எத்தனை முறை அசைகிறது என்று எண்ணி, நலமாயுள்ள அதே இன மீனோடு ஒப்பிடுங்கள்.

அடையாளங்கள்

நோயல்லாதவற்றை முதலில் காண்போம். மணலோ காற்றுக் குமிழியோ மேனியில் ஒட்டியிருக்கலாம். அது சிறிது நேரத்தில் போய்விடும். வலையில் உராய்ந்த காயம் பெரும்பாலும் ஒரு பக்கத்தில் மட்டும் கீறலாக இருக்கும். நாளுக்கு நாள் ஆறிவரும். இரவிலும் அச்சத்திலும் ஓரா மீனின் உடலில் திட்டுத்திட்டாகக் கறை தோன்றும். அச்சம் தெளிந்ததும் மறையும். கோமாளி மீன் கடல் சாமந்தியோடு புதிதாக உறவாடத் தொடங்கும்போது சில சமயம் கரும்புள்ளிகள் உண்டாகும். அவையும் நாளடைவில் நீங்கும். இவற்றுக்கு மருந்து வேண்டியதில்லை.

துடுப்பின் ஓரத்தில் காலிஃபிளவர் பூப்போல வெண்ணிற முண்டு இருப்பின், அது லிம்ஃபோசிஸ்டிஸ் என்னும் வைரஸ் நோயாகலாம். இதற்கு நேரடி மருந்து இல்லை. நல்ல நீரும் நல்ல உணவும் அமைதியும் கிடைத்தால் பெரும்பாலும் தானே குணமாகும்.

உப்புத்தூள் தூவினாற்போல், எண்ணக்கூடிய வெண்புள்ளிகள் உடலிலும் துடுப்பிலும் பரவி, மீன் கல்லில் உரசிக்கொள்ளுமாயின், அது கடல்மீன் வெண்புள்ளி நோய். இதற்குக் காரணம் கிரிப்டோகாரியான் இரிட்டன்ஸ் என்னும் ஒருசெல் உயிரி.

புள்ளிகளை எண்ணவே இயலாதபடி மெல்லிய மாவு படிந்தாற்போல் இருந்தால் அது இன்னும் கொடியது. டார்ச் விளக்கைப் பக்கவாட்டில் பிடித்தால் அம்மாவு தெரியும். இதனை உண்டாக்குவது அமைலூடினியம். இது முதலில் செவுளைத் தாக்குவதால், மேனியில் ஒன்றும் தெரியும் முன்னரே மீன் மூச்சு வாங்கும். சில நாட்களிலேயே மாண்டுவிடும். ஆகவேதான் ஐந்தாம் கேள்வி மிக முக்கியமானது. பிரவுன் என்னும் ஆராய்ச்சியாளர் மாவு நோயின் கிருமியை 1931-லும், வெண்புள்ளி நோயின் கிருமியை 1951-லும் விவரித்து எழுதினார்.

புள்ளியாக இராமல் வெண்ணிறக் கோழை படர்ந்து தோல் உரிந்தால், கோமாளி மீன்களை அதிகம் வாட்டும் புரூக்ளினெல்லா நோயாக இருக்கலாம். இதிலும் காலம் தாழ்த்தலாகாது.

மறைந்தால் குணமா?

வெண்புள்ளி நோயில் ஒரு வஞ்சகம் உண்டு. மூன்று முதல் ஏழு நாட்களில் புள்ளிகள் மறைந்துவிடும். “மீன் பிழைத்தது!” என்று வீட்டார் மகிழ்வர். உண்மையில் கிருமி மீனைத் தின்று கொழுத்து, உடலை விட்டு இறங்கி, மணலிலும் கல்லிலும் ஒட்டிக் கூடு கட்டிக்கொள்கிறது. கூட்டிற்குள் ஒன்று பலவாகப் பெருகுகிறது. பொதுவாக 3 முதல் 28 நாட்களில் கூடு வெடிக்கும். 72 நாள் கழிந்து வெடித்ததும் ஆய்வில் பதிவாகியுள்ளது. வெளிவரும் குஞ்சுக் கிருமிகள் ஓரிரு நாளுக்குள் மீனைப் பற்ற வேண்டும், இல்லையேல் இறந்துவிடும். முதன்முறை பத்துப் புள்ளி கண்ட மேனியில் மறுமுறை நூறு காணலாம்!

மூவர் கூறிய யோசனைகளை இனி எடை போடுவோம். நன்னீர் மீனின் வெண்புள்ளி நோய்க்குக் கல்லுப்பு உதவுவது உண்மையே. ஆனால் அந்நோயின் கிருமி வேறு. கடல்மீனின் கிருமிக்கோ உப்புநீரே தாய்வீடு; மேலும் உப்பிட்டு அதனை விரட்ட இயலாது. தாமிர மருந்து கிருமியைக் கொல்லும். ஆனால் அளவு சிறிது மிகுந்தால் மீனையும் கொல்லும். அளவாக இட்டாலும் கடல் சாமந்தி, இறால், நத்தை, பவளம் ஆகியவற்றைக் கொன்றுவிடும். ஒரு மீனைக் காக்க ஊற்றியது தொட்டியையே சுடுகாடாக்கலாம். அம்மருந்து தனித்தொட்டிக்கு மட்டுமே உரியது. அதுவும் நீரிலுள்ள தாமிரத்தை அளந்து பார்த்து, பெரியவர்களே கையாளத் தக்கது. “தானே போய்விடும்” என்பதன் பொருளோ, மேலே கண்டபடி, பாதி உண்மை.

என்ன செய்யலாம்?

வெண்புள்ளி நோய் என்று உறுதியானால், மருந்தின்றியே ஒரு வழி உண்டு. இரண்டு சிறு தொட்டிகள் போதும். மீனை மூன்று நாளுக்கு ஒருமுறை, 72 மணி நேரம் கடவாமல், புதிய கடல்நீர் உள்ள தொட்டிக்கு நான்கு முறை மாற்ற வேண்டும். விட்டுவந்த தொட்டியைக் கழுவி முற்றிலும் காயவைக்க வேண்டும். உதிர்ந்த கிருமி கூட்டோடு பின்தங்கிவிடும். மீன் முன்னே சென்றுவிடும். பெரிய தொட்டியிலுள்ள எல்லா மீன்களையும் இவ்வாறே அகற்றி, அதனை 10 வாரத்திற்கு மேல் மீனின்றி வைத்தால் அங்குள்ள கிருமியும் பட்டினியால் அழியும். மாவு நோய்க்கும் தோல் உரியும் நோய்க்கும் இம்முறை போதாது. அந்நிலையில் மீனை உடனே தனித்தொட்டிக்கு மாற்றி, அறிந்தவரை நாட வேண்டும். திருவள்ளூர் மாவட்டத்துப் பொன்னேரியில் மீன்வளக் கல்லூரியே உள்ளது.

எல்லாவற்றினும் சிறந்தது வருமுன் காத்தல். புதிய மீனை நான்கு வாரம் தனித்தொட்டியில் வைத்துப் பார்த்த பின்னரே மற்றவற்றோடு சேர்க்க வேண்டும். அத்தொட்டிக்கென வலையும் வாளியும் தனியே இருக்கட்டும். மண்டபத்திலுள்ள மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தின் மையத்தில் கோமாளி மீன்களைத் தொட்டியிலேயே குஞ்சு பொரிக்கச் செய்கின்றனர். இவ்வாறு தொட்டியில் பிறந்த மீனைக் கேட்டு வாங்கினால், பவளப் பாறைகளிலிருந்து ஒரு மீனைப் பறிக்காத பயனும் உண்டு.

பெற்றோர்களே! நான்கு வாரம் காத்திருக்கப் பிள்ளைகளுக்குப் பொறுமை இராதுதான். ஆனால் அந்த நான்கு வாரமும் ஓர் ஆய்வுக்கூடப் பாடமாகும். தோழியரே! நோட்டும் பென்சிலும் ஒரு பூதக்கண்ணாடியும் எடுத்துக்கொள்ளுங்கள். உற்று நோக்குவோம், எழுதி வைப்போம், ஒப்பிடுவோம், அதன் பின்னரே மருந்தைத் தொடுவோம்!