திருவாலங்காட்டு முத்திரை

கவரைப்பேட்டை அமைந்துள்ள திருவள்ளூர் மாவட்டத்திலேயே திருவாலங்காடு என்னும் பழம்பதியும் உள்ளது. அங்கு 1905-ஆம் ஆண்டில் முதலாம் இராசேந்திர சோழனுடைய செப்பேடுகள் கிடைத்தன. ஆலங்காட்டு இறைவனுக்குப் பழையனூர் அளிக்கப்பெற்ற செய்தியை அவை அறிவிக்கின்றன.

31 ஏடுகளும் ஒரு வளையத்திற் கோக்கப்பெற்று, அதன் வாய் அரச முத்திரையால் அடைக்கப்பட்டிருந்தது. முத்திரையைச் சிதைத்தாலன்றி, மெய்யேட்டை அகற்றவோ பொய்யேட்டைப் புகுத்தவோ ஒருவர்க்கும் இயலாது. கோயிலின் உரிமைக்கு அதுவே காவலாயிற்று.

அம்முத்திரையில் புலி, இணைக்கயல், வில், குடை, கவரி ஆகியவை பொறிக்கப்பெற்றுள்ளன. புலி சோழர்க்கும், கயல் பாண்டியர்க்கும், வில் சேரர்க்கும் உரியவை. சோழன் தன் முத்திரையில் மற்றையோர் சின்னங்களையும் பொறித்தது ஏன்? மூவர் நாடும் தன் ஆணைக்கு உட்பட்டன என்று காட்டுதற்கேயாம். செருமானியச் சிற்றூர்கள் இன்றும் தத்தமக்கெனச் சின்னங்கள் கொண்டுள்ளன. சின்னம் சிறிதாயினும், அதனைப் படிக்கக் கற்றவர்க்கு அது வரலாறு கூறும்.