கிடுகிடு

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

மாமா எழுதுவது. நேற்று போனில் பத்து நிமிஷத்துக்குள் நாலு தடவை 'கிடுகிடுன்னு' என்றாய். ஆர்டர் கிடுகிடுன்னு ஏறுதாம், இன்னும் ரெண்டு சி.என்.சி. மெஷின் போட்டால் கிடுகிடுன்னு மேலே வந்துடலாமாம். கேட்கச் சந்தோஷமாகத்தான் இருந்தது. போனை வைத்த பிறகு அந்த வார்த்தை என்னை விடவில்லை.

குளிர்க்காய்ச்சலில் உடம்பு ஆடுவதும் கிடுகிடுவென்றுதான். எட்டிப் பார்த்தால் தலை சுற்றுகிற பள்ளமும் கிடுகிடு பள்ளம். நமக்கு ஏறுவது மட்டும்தான் காதில் விழுகிறது.

2023 ஜூலையில் தக்காளி கிலோ 100 ரூபாய்க்கு மேல் விற்றபோது பேப்பரெல்லாம் 'கிடுகிடு உயர்வு'. அதைப் பார்த்து நாற்று நட்டவன் பறிக்கும்போது செப்டம்பர், விலை விழுந்து பறிகூலிக்கே திண்டாட்டம். மறு வருஷம் ஆகஸ்டில், நம் போச்சம்பள்ளியில் ஸ்கூட்டர் செய்கிற ஓலா எலெக்ட்ரிக்கின் பங்கு 76 ரூபாய்க்கு வந்தது. ரெண்டு வாரத்துக்குள் 150-ஐத் தாண்டியது, நவம்பருக்குள் 76-க்குக் கீழே வந்துவிட்டது.

அதெல்லாம் ஊர்க்கதை. நீ மெஷின்காரன், உன் பாஷையிலேயே சொல்கிறேன். சிப்காட்டில் நான் லேத்தில் நின்ற நாளில், ஆழமான துளை ஒன்றுக்காகப் போரிங் பாரை நீளமாக வெளியே விட்டு, நேரம் மிச்சமாகட்டும் என்று வேகத்தையும் ஏற்றினேன். பார் கிடுகிடுத்தது. ஜாபை எடுத்து உள்ளே விரலை விட்டால் வரிவரியாக அலை. எஃகு பார் என்றால் அதன் விட்டத்தைப்போல 4 மடங்குக்கு மேல் நீட்டாதே என்று போர்மேன் முதல் நாளே சொல்லியிருந்தார். எந்தப் பையன் கேட்கிறான்?

உனக்கு ஆர்டர் தருவது ஒரே கம்பெனி. பில் பணம் வர 90 நாள் ஆகிறது. பேங்க் தவணை மாதாமாதம் 5-ஆம் தேதி. பார் எவ்வளவு வெளியே நீட்டிக்கொண்டிருக்கிறது, நீயே அளந்து பார். இப்போது ஒரு மெஷின் போதும், பழையதாக இருந்தாலும் சரி. இரண்டாவது கம்பெனியின் ஆர்டர் கைக்கு வந்த பிறகு அடுத்ததைப் பேசலாம்.

உன் அம்மாவிடம் வீட்டுப் பத்திரத்தை மட்டும் இப்போது கேட்காதே. ஞாயிற்றுக்கிழமை ஆறு மாத பில் புத்தகத்தோடு வா. அத்தை ராகி களி கிண்டுவதாகச் சொல்லியிருக்கிறாள்.

அன்புடன்,
மாமா
ஓசூர்