சொல்லிக் கொடுத்தால் கை தேறும்

பெங்களூரில் ஆயத்த ஆடைத் தொழிற்சாலைகள் நிறைய உள்ளன. பீனியா, பொம்மனஹள்ளி, மைசூர் சாலை ஆகிய பகுதிகளில் இவற்றைப் பார்க்கலாம். இங்கே வேலை செய்பவர்களில் பெண்களே அதிகம். கிராமத்திலிருந்து வந்தவர்கள் பலர்.

தொழிற்சாலையில் ஒருவரே முழுச் சட்டையையும் தைப்பதில்லை. ஒருவர் காலர் தைப்பார். ஒருவர் கை வைப்பார். இன்னொருவர் பட்டன் வைப்பார். மிஷின்கள் வரிசையாக இருக்கும். இதற்கு 'லைன்' என்று பெயர். ஒருவர் தைத்த பீஸ் அடுத்தவர் கைக்குப் போகும். ஒரு கை தயங்கினால் அடுத்த கை காத்திருக்கும்.

புதிதாக ஒரு பெண் லைனில் சேருகிறார் என்று வைத்துக்கொள்வோம். அவருக்குக் காலர் ஓரத் தையல் சரியாக வரவில்லை. ஊசி அடிக்கடி உடைகிறது. பண்டில் பண்டிலாக வேலை தேங்குகிறது. இந்த வேலை போனால் வீட்டு வாடகை கொடுக்க முடியாது. அந்தப் பயத்தில் கை இன்னும் நடுங்குகிறது.

திட்டினால் என்ன ஆகும்?

"டார்கெட் எங்கே? முடியாவிட்டால் வீட்டுக்குப் போ!" என்று சூப்பர்வைசர் கத்துகிறார். அவர் கத்தியதால் தையல் நேராகி விடுமா? ஆகாது. எங்கே தவறு என்று அந்தப் பெண்ணுக்கு இன்னமும் தெரியாது. பயந்தவர் சந்தேகம் கேட்க மாட்டார். கெட்டுப்போன பீஸை நல்ல பீஸ்களுக்கு நடுவில் மறைத்து வைப்பார். அது செக்கிங்கில் பிடிபடும். தையலைப் பிரித்து மறுபடி தைக்க வேண்டும். நேரமும் நூலும் வீண். சில நாளில் அவர் வேலையை விட்டு நின்றுவிடுவார். அந்த இடத்துக்கு இன்னொரு புதியவர் வருவார். பழைய கதையே தொடரும்.

சொல்லிக் கொடுத்தால் என்ன ஆகும்?

வேறொரு சூப்பர்வைசர் பக்கத்தில் வந்து நிற்கிறார்.

"பயப்படாதே தங்கச்சி. நீ தை. நான் பார்க்கிறேன்."

"ஊசி உடைஞ்சுக்கிட்டே இருக்கு அக்கா."

அவர் இரண்டு பீஸ் தைக்கும் வரை பேசாமல் பார்க்கிறார். பிறகு சொல்கிறார்: "நீ துணியை இழுக்கிறாய். இழுத்தால் ஊசி வளையும். தகட்டில் பட்டு உடையும். துணியை மிஷின் பற்களே நகர்த்தும். நீ வழி மட்டும் காட்டு. மூலை வந்ததும் ஊசியைத் துணிக்குள் இறக்கி நிறுத்து. பாதத்தைத் தூக்கு. துணியைத் திருப்பு."

அவர் தாமே ஒரு பீஸ் மெதுவாகத் தைத்துக் காட்டுகிறார். அந்தப் பெண் அதேபோல் தைக்கிறார். மாலையில் அக்கா மறுபடி வந்து பார்க்கிறார். இதற்குத்தான் வேலைவழிப் பயிற்சி என்று பெயர்.

நான்கு படிகள்

இரண்டாம் உலகப் போர் நடந்த 1940-களில் அமெரிக்கத் தொழிற்சாலைகளுக்குப் புதியவர்கள் ஏராளமாக வந்தார்கள். அவர்களுக்கு விரைவில் வேலை பழக்க வேண்டியிருந்தது. அதனால் மேற்பார்வையாளர்களுக்குக் கற்றுக்கொடுக்கும் முறையைப் பயிற்றுவித்தார்கள். போருக்குப் பின் ஜப்பானும் இதை எடுத்துக்கொண்டது. அதில் நான்கு படிகள் உண்டு.

1. பயத்தைப் போக்கு. என்ன தெரியும் என்று கேள்.
2. செய்து காட்டு. ஏன் அப்படிச் செய்ய வேண்டும் என்றும் சொல்.
3. அவரைச் செய்ய விடு. தவறை உடனே திருத்து.
4. பிறகும் வந்து பார். கேள்வி கேட்க இடம் கொடு.

யாருக்கு என்ன பயன்?

தொழிலாளிக்குக் கை தேறும். தேறிய கைக்கு எங்கே போனாலும் வேலை உண்டு. தொழிற்சாலைக்குத் துணி வீணாவது குறையும். சூப்பர்வைசருக்கும் கத்தும் வேலை மிச்சம்.

ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். கை தேறியதும் டார்கெட்டை மட்டும் கூட்டிக்கொண்டே போனால் அது பயிற்சி ஆகாது. யாரும் மனம் விட்டுக் கற்க மாட்டார்கள். திறமை கூடினால் அதற்கேற்ற கூலி கேட்பது நியாயம்.

கணக்கு எழுதுவோம்

எழுதப் படிக்கத் தெரிந்தவர் தன் வேலையைத் தானே அளக்கலாம். ஒரு சிறிய நோட்டு போதும். எடுத்துக்காட்டாக:

பயிற்சிக்கு முன்: ஒரு மணி நேரத்தில் தைத்தது 40. திரும்பி வந்தது 6. நல்லது 34.

பயிற்சிக்குப் பின்: தைத்தது 38. திரும்பி வந்தது 1. நல்லது 37.

வேகம் 2 குறைந்தது. ஆனால் நல்ல பீஸ் 3 கூடியது. "நீ மெதுவாகத் தைக்கிறாய்" என்று யாராவது சொன்னால் நோட்டைக் காட்டலாம். கூலி பேசும்போதும் அந்த நோட்டு துணை நிற்கும்.

விடை சொல்லுங்கள்

1. ஊசி ஏன் உடைந்தது?
2. பயந்த தொழிலாளி கெட்ட பீஸை ஏன் மறைக்கிறார்?
3. ஒருவர் 45 பீஸ் தைத்தார். 9 திரும்பி வந்தன. நல்லவை எத்தனை?

சேர்ந்து பேசுங்கள்

உங்களுக்கு வேலை கற்றுக்கொடுத்தவர் யார்? எப்படிக் கற்றுக்கொடுத்தார்? உங்களுக்குத் தெரிந்த ஒரு வேலையைப் பக்கத்தில் இருப்பவருக்கு நான்கு படிகளில் சொல்லிக் கொடுங்கள். அவர் செய்து காட்டட்டும். அவருக்கு வரவில்லை என்றால், சொன்ன விதத்தை மாற்றி மறுபடியும் சொல்லுங்கள்.