ஜோவுக்குக் கல்யாணம் ஆனது ஏன்?



கதாநாயகிக்குக் கல்யாணம் ஆகாமல் ஒரு கதை முடிந்தால் வாசகர்கள் ஒத்துக்கொள்வார்களா? நூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன்பு அமெரிக்க எழுத்தாளர் லூயிசா மே ஆல்காட்டுக்கு வந்த சிக்கல் இதுதான்.

1832 நவம்பர் 29-இல் பென்சில்வேனியா மாநிலத்தில் பிறந்தார். நான்கு பெண்களில் இரண்டாமவர். தந்தை பிரான்சன் ஆல்காட் ஓர் ஆசிரியர். தம் பள்ளியில் கறுப்பினக் குழந்தை ஒன்றைச் சேர்த்தார். உடனே மற்ற பெற்றோர் தங்கள் பிள்ளைகளை நிறுத்திவிட்டார்கள். கொள்கை இருந்தது, வருமானம் இல்லை. அதனால் லூயிசா தையல் வேலை, வீட்டு வேலை, டீச்சர் வேலை எல்லாம் பார்த்தார். 1862-இல் உள்நாட்டுப் போரில் நர்ஸாகப் போனார். டைபாய்டு வந்தது. பாதரசம் கலந்த மருந்து கொடுத்தார்கள். அதற்குப் பிறகு அவர் உடம்பு முழுசாகத் தேறவே இல்லை.

1868-இல் 'லிட்டில் விமன்' வெளிவந்தது. நான்கு சகோதரிகளின் கதை. அதில் எழுத்தாளராக ஆசைப்படும் ஜோ, பெரும்பாலும் லூயிசாவேதான். காப்புரிமையை மொத்தமாக விற்றுவிடாமல் தம்மிடமே வைத்துக்கொண்டார். குடும்பக் கடன் தீர்ந்தது.

ஜோவைக் கல்யாணம் ஆகாத எழுத்தாளராகவே விடத்தான் அவர் நினைத்தார். ஆனால் பக்கத்து வீட்டு லாரிக்கு அவளைக் கட்டி வைக்கச் சொல்லி வாசகிகள் கடிதம் எழுதினார்கள். 1869-இல் வந்த இரண்டாம் பாகத்தில் லாரிக்குக் கொடுக்காமல், வயதில் மூத்த ஜெர்மன் பேராசிரியருக்குக் கட்டி வைத்தார்! லூயிசா கடைசிவரை மணம் செய்துகொள்ளவில்லை. 1888 மார்ச் 6-இல், தந்தை இறந்த இரண்டாம் நாள் காலமானார்.

இந்தக் கதை பலமுறை சினிமாவானது. 1933-இல் கேதரின் ஹெப்பர்ன், 1949-இல் ஜூன் அலிசன், 1994-இல் வினோனா ரைடர் ஜோவாக நடித்தார்கள். 2019-இல் கிரேட்டா கெர்விக் இயக்கிய படத்தில் ஜோவாக வந்தவர் சர்ஷா ரோனன். அதில் பதிப்பாளர், கதாநாயகிக்குக் கல்யாணம் ஆகியே தீரணும் என்கிறார். ஜோ சம்மதிக்கிறாள். ஆனால் பேரம் பேசிக் காப்புரிமையைத் தன்னிடமே வைத்துக்கொள்கிறாள். முந்தைய படங்கள் நாவலின் முடிவைக் காட்டின. இந்தப் படம் லூயிசாவின் வாழ்க்கையையும் சேர்த்துக் காட்டியது.

எங்க வீட்டுல டிப்ளமோ வரைக்கும் வந்த முதல் ஆள் நான். "பரீட்சை முடிஞ்சதும் மாப்பிள்ளை பாக்கணும்"னு அத்தை இப்பவே சொல்லுது. லூயிசா கதையை அத்தைக்குச் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாம இருந்துட்டு, "அந்தப் பொண்ணு கடனை எல்லாம் அடைச்சிடுச்சா?"ன்னு கேட்டுச்சு. "அடைச்சிடுச்சு அத்தை"ன்னேன். அன்னைக்கு மாப்பிள்ளை பேச்சு வரலை.

தோழியரே, முதலில் நம் கையில் ஒரு சம்பாத்தியம் வேண்டும். மற்ற முடிவுகளை அதன்பின் நாமே எழுதலாம்!